மூலமும் உரையும்: கலிலியோவின் ‘இரு புதிய அறிவியல்கள்’ பற்றிய ஓர் ஆய்வு

தோற்றுவாய்

கல் விழுவதனை மாந்தர் தொன்றுதொட்டுக் கண்டு வருகின்றனர். அஃது எவ்வாறு விழுகின்றது என்பதனை அளந்தும் ஆராய்ந்தும் முறைப்படக் கூறிய ‘இரு புதிய அறிவியல்கள்’ என்னும் நூலோ, 1638ஆம் ஆண்டில்தான் ஆலந்து நாட்டு லெய்டன் நகரில் எல்செவியர் பதிப்பகத்தாரால் அச்சிடப் பெற்றது. அதன் ஆசிரியர் இத்தாலியப் பேரறிஞர் கலிலியோ (1564–1642) ஆவர்.

இயற்பியல் நூல் ஒன்றனைத் தமிழாய்விதழில் எடுத்து ஆராய்தல் பொருந்துமோ என வினவுவாரும் உளர். இயற்பியல் எம் துறையன்று. அந்நூலின் கணக்குகளை மதிப்பிடுதல் எம் நோக்கமும் அன்று. இத்தாலிய மொழியினை அறியாமையின், கிரூ, டி சால்வியோ என்னும் இருவர் 1914இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியே யாம் அதனைப் பயின்றோம். ஆதலின் அதன் ஓசை நயம், சொல்நயம் பற்றி ஈண்டு யாதும் கூறோம். அந்நூல் பொருளை விளக்கும் முறையொன்றே எம் ஆய்வுக்குரியது. அம்முறை, மூலம், உரை, தடை, விடை என நம் உரையாசிரியர்கள் போற்றி வளர்த்த நெறியோடு பெரிதும் ஒத்திருத்தலைக் காட்டுவதும், அவ்வொப்புமையினின்று இற்றை அறிவியற் றமிழ் பெறத்தக்க பயனை ஆராய்வதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

நூலும் சூழலும்

1632இல் கலிலியோ உலக அமைப்புகள் பற்றிய உரையாடல் நூலை வெளியிட்டார். ஞாயிற்றை உலகம் சுற்றிவரும் என்னும் கொள்கையைத் தாங்கியமையின் 1633இல் உரோமை நகரில் வழக்குமன்றத்தின்முன் நிறுத்தப் பெற்றுத் தண்டனை எய்தினார். எஞ்சிய வாழ்நாள் முழுதும் காவலிலேயே கழிந்தது. பிளாரன்சு நகருக்கு அண்மையிலுள்ள ஆர்ச்செத்திரி என்னும் சிற்றூரில், முதுமையிலும் பிணியிலும் அவர் உருவாக்கியதே நாம் ஆராயும் நூல். அது வெளிவந்த ஆண்டில் அவர் இரு கண்ணொளியும் இழந்திருந்தார்.

நூல் நான்கு நாள் உரையாடலாக அமைந்துள்ளது. உரையாடுவோர் மூவர். சால்வியாத்தி என்பார் ஆசிரியரின் கருத்தை எடுத்துரைப்பவர். சாகிரேதோ என்பார் நுண்ணறிவும் கேட்கும் ஆர்வமும் உடைய நடுநிலையாளர். சிம்ப்பிளிச்சியோ என்பார் அரிஸ்டாட்டில் கொள்கையினர். முன்னைய இருவரும் கலிலியோவின் உண்மை நண்பர்கள். முன்னவர் 1614இலும் பின்னவர் 1620இலும் இறந்துபட்டனர். மறைந்த நண்பர் இருவரும் கண்ணிழந்த முதியவரின் நூலில் மீண்டும் அமர்ந்து வழக்காடுகின்றனர். மூன்றாமவர் பெயரோ, அரிஸ்டாட்டில் நூல்களுக்கு உரை கண்ட ஆறாம் நூற்றாண்டுச் சிம்ப்பிளிசியசை நினைவூட்டுவது. உரையாசிரியர் ஒருவரின் பெயரே இந்நூலின் ஓர் உறுப்பினர்க்கு இடப்பட்டிருத்தல் தமிழ் பயில்வார் உளங்கொளத்தக்கது.

மூலமும் உரையும்

முதலிரு நாளும் பெரும்பாலும் பொருள்களின் வலிமை பற்றியன. மூன்றாம் நாளும் நான்காம் நாளும் இயக்கம் பற்றியன. இவ்விரு நாளிலும் நூலின் அமைப்பு மாறுகின்றது. சால்வியாத்தி ஆசிரியரின் நூலை ஏட்டில் வைத்துப் படிக்கின்றார். அது இலத்தீன் மொழியில் அமைந்தது. வரையறை, மேற்கோள், நிறுவல் எனச் செறிந்து செல்வது. படித்து நிறுத்தியதும் மூவரும் இத்தாலிய மொழியில் உரையாடத் தொடங்குகின்றனர். ஐயம் எழுகின்றது, எடுத்துக்காட்டு வருகின்றது, தடை நிகழ்கின்றது, விடை பிறக்கின்றது. பின்னர் மீண்டும் மூலம் தொடர்கின்றது.

செறிந்த மூலம் கற்றோர் மொழியில். நெகிழ்ந்த உரை மக்கள் மொழியில். இதனை நோக்குங்கால், நூற்பாவைக் கூறிப் பின் அதன் கருத்தும் எடுத்துக்காட்டும் தடைவிடையும் தரும் நம் உரைமரபு நினைவுக்கு வாராமற் போகாது. பவணந்தியார் நன்னூற் பாயிரத்துள் உரையின் இலக்கணமாகக் கூறிய 14 உறுப்புகளுள் சொற்பொருள், உதாரணம், வினா, விடை, துணிவு என்பன அடங்கும். இவ்வைந்தும் கலிலியோவின் உரையாடலிற் பக்கந்தோறும் காணப்படுவன. கலிலியோ தமிழ் மரபை அறிந்தவரல்லர். இஃது ஒன்றனினின்று மற்றொன்று தோன்றியதாகக் கொள்ளத்தக்கதன்று. அரிய பொருளைக் கற்பிக்கப் புகுவோர், இடத்தாலும் காலத்தாலும் வேறுபட்டாராயினும், ஒரு நெறிக்கே வந்து சேர்கின்றனர் என்பதே ஈண்டுப் பெறப்படுவது.

பிறர் மதம் மேற்கொண்டு களைதல்

நன்னூலார் கூறும் எழுவகை மதங்களுள் ஒன்று, பிறர் கொள்கையை முதற்கண் ஏற்றுக்கொண்டு பின்னர் அதனைக் களைதல். இதற்கு இலக்கியம் காட்ட விழைவார்க்கு முதல் நாளின் இரு கற்கள் போல்வது பிறிதொன்று கிடைத்தலரிது.

கனத்த பொருள் விரைந்தும் நொய்ய பொருள் மெல்லவும் விழும் என்பது அரிஸ்டாட்டில் மதம். சால்வியாத்தி அதனை மறுத்துத் தொடங்கினாரல்லர், ஏற்றுக்கொண்டே தொடங்குகின்றார். பெருங்கல் 8 அளவு விரைவுடனும் சிறுகல் 4 அளவு விரைவுடனும் விழுவதாகக் கொள்வோம். இரண்டனையும் ஒன்றாகப் பிணைத்து விடின் யாது நிகழும்? மெல்ல வரும் சிறுகல் பெருங்கல்லைப் பின்னிழுக்கும். ஆதலின் விரைவு 8இனும் குறையும். அன்றியும், பிணைந்த கற்கள் இரண்டும் பெருங்கல்லினும் கனத்தன. ஆதலின் விரைவு 8இனும் மிகுதல் வேண்டும். ஒரு மேற்கோளினின்றே குறைதலும் மிகுதலும் பிறந்தன. மாறுகொளக் கூறல் என்னும் குற்றம் அம்மதத்தின் உள்ளேயே இருந்தமை வெளிப்பட்டது. புறத்தேயிருந்து ஒரு படையும் ஏவாமல், எதிரியின் மதத்தைக் கொண்டே அதனை வீழ்த்திய திறம் இது.

எனினும் காற்றில் விழும் இரு குண்டுகள் ஒருங்கே நிலத்தை அடைவதில்லையே எனின், அதனையும் சால்வியாத்தி மறைத்திலர். 100 முழ உயரத்தினின்று விழும்போது பெருங்குண்டு இரண்டு விரற்கடை முந்தும் என ஒப்புகின்றார். ஆயின் அரிஸ்டாட்டில் மதப்படி அது 99 முழம் முந்துதல் வேண்டும். இரண்டு விரற்கடையைக் காட்டி 99 முழப் பிழையை மறைத்தல் தகாது என்பது அவர்தம் விடை. தம் கூற்றிலுள்ள சிறுகுறையை முதலிற் கூறிப் பின் பிறர் கூற்றின் பெருங்குறையைச் சுட்டுதல் நடுவுநிலை வழுவா வழக்காடலாகும்.

பிழையைப் போற்றுதல்

மூன்றாம் நாளில் மூலம் ஒரு வரையறை தருகின்றது. ஓய்வு நிலையினின்று புறப்பட்டுச் சமகாலங்களில் சம அளவு விரைவு பெற்றுச் செல்லும் இயக்கமே சீராக முடுகும் இயக்கம் என்பது அதன் கருத்து. உடனே சாகிரேதோ ஒரு திருத்தம் கூறுகின்றார்: காலத்திற்கேற்ப அன்றி, விழுந்த தொலைவிற்கேற்ப விரைவு மிகும் எனக் கொள்ளலாகாதோ? சிம்ப்பிளிச்சியோவும் இதனை உடன்படுகின்றார். கேட்பார்க்கும் இது பொருத்தமாகவே தோன்றும். ஏனெனின், மிக உயரத்தினின்று வீழ்வது மிக வலிதாகத் தாக்குதலை யாவரும் அறிவர்.

சால்வியாத்தி விடை கூறுமுன் ஒன்று தெரிவிக்கின்றார். இப்பிழையில் நீவிர் தனியல்லீர். நூலாசிரியரும் ஒரு காலத்தில் இதனையே கொண்டிருந்தார் என்பது அதன் கருத்து. இது புனைவுரையன்று. 1604இல் பவுலோ சார்ப்பி என்பார்க்கு வரைந்த மடலில், தொலைவிற்கேற்ப விரைவு மிகும் என்னும் இம்மேற்கோளையே கலிலியோ உண்மை எனக் கொண்டிருந்தார். 34 ஆண்டுகள் கழிந்த பின்னர்த் தம் பிழையை மறைக்காது, அன்பிற்குரிய நண்பரின் வாயில் வைத்து அச்சேற்றினார்.

இந்நூலின் உயிர்நிலை இப்பகுதியே என்பது எம் துணிபு. பிழை என்பது அறிவிலார்க்கே உரியதன்று; கூர்த்த மதியுடையாரும் இயல்பாகச் சென்று சேரும் இடம் அது. ஆதலின் அதனை நூலுள் வைத்தே களைதல் வேண்டும். இங்குக் கூறப்படும் மறுப்பு முழுமையுடையதன்று எனப் பிற்கால அறிஞர் சிலர் கருதுவர். வேறு சிலர் அதனைத் தாங்குவர். மறுப்பின் வலிமை ஒருபால் நிற்க, பிழையை எடுத்து மொழிந்த நேர்மை குறைவுபடாது.

சான்று வேண்டுதல்

வரையறையும் நிறுவலும் முடிந்த பின்னும் சிம்ப்பிளிச்சியோ அமைதியுறவில்லை. இவ்வாறுதான் இயற்கையில் பொருள்கள் விழுகின்றனவா, அதற்குச் சோதனை உண்டா என வினவுகின்றார். இவ்வினா தகுதியுடையது எனச் சால்வியாத்தி பாராட்டுதல் கருதத்தக்கது. நூலின் எதிர்க்கட்சியாளர்க்கே நூலின் மிகச் சிறந்த வினா அளிக்கப்பட்டிருக்கின்றது.

விடையாக அமைவது சாய்தளச் சோதனை. 12 முழ நீளமும் அரை முழ அகலமும் மூன்று விரற்கடைக் கனமும் உள்ள மரச்சட்டம். அதில் ஒரு விரலினும் சிறிது அகன்ற நேரிய பள்ளம். பள்ளத்தினுள் வழவழப்பான தோல்தாள். அதன்மேல் உருளும் வெண்கல உருண்டை. பெரிய கலத்தின் அடியிலிருந்து மெல்லிய குழல்வழி ஒழுகும் நீரைப் பிடித்து நிறுத்துக் காலம் கணக்கிடப் பெற்றது. நூறு முறை செய்து பார்த்தும், சென்ற தொலைவு காலத்தின் வருக்கத்திற்கேற்ப அமைந்தமை கண்டதாகச் சால்வியாத்தி கூறுகின்றார். எனவே அடுத்தடுத்த சம காலங்களிற் கடக்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என ஒற்றைப்படை எண்களாய்ச் செல்லும். இற்றை அளவையாற் கூறின், தடையின்றி விழும் கல் முதல் நொடியில் 4.9 மீட்டரும், இரண்டாம் நொடியில் 14.7 மீட்டரும், மூன்றாம் நொடியில் 24.5 மீட்டரும் கடக்கும்.

பைசா நகரத்துச் சாய்கோபுரத்தினின்று கலிலியோ குண்டுகளை வீழ்த்திய கதையை யாவரும் அறிவர். அக்கதை அவர்தம் மாணவர் விவியானி எழுதிய வரலாற்றில் வருவது, இந்நூலில் இல்லை. நூலில் உள்ளது கோபுரமன்று. ஒருவர் ஐயுற்றுக் கேட்ட வினாவும், மரச்சட்டத்தாலும் நீராலும் பொறுமையாற் கண்ட விடையுமே.

நூலின் குறைபாடு

நிறைகளைக் கூறியவாறே குறையும் கூறுதல் திறனாய்வாளர் கடனாம். மூன்றாம் நாளின் முடுகும் இயக்கப் பகுதியில் 38 மேற்கோள்கள் உள. சோதனை முடிந்த பின்னர் உரையாடல் குன்றி, மேற்கோளும் நிறுவலும் பக்கம் பக்கமாய்த் தொடர்கின்றன. மூலம் பெருகி உரை அருகிய இப்பகுதியிற் கற்போர் இடர்ப்படுகின்றனர். இயற்பியல் அறியாத எமக்கேயன்றி, அறிந்தார்க்கும் இது கடுநடையே ஆகும். உரை நின்றவிடத்தே நூலின் ஒளியும் குறைகின்றது என்பது, எம் கருத்தை மறுதலையாக நின்று வலியுறுத்துவதாம்.

திசையும் அளவும்

நான்காம் நாள் எறிபொருள் பற்றியது. கிடைத்திசையில் சீராகச் செல்லும் இயக்கமும், நிலநோக்கி முடுகும் இயக்கமும் ஒரு பொருளில் ஒருங்கே நிகழின், அதன் வழி பரவளைவாகும் என்பது ஈண்டு நிறுவப்படுகின்றது. செங்குத்தாக அமைந்த இரு சீரியக்கங்கள் கூடுங்கால் விளையும் விரைவையும் கலிலியோ கணித்தார். ஓரியக்கம் 3 அளவும் மற்றையது 4 அளவும் ஆயின், கூடியது 7 அன்று, 5 ஆகும். எண்ணும் எண்ணும் கூடும் முறை வேறு. திசையுடைய அளவுகள் கூடும் முறை வேறு.

கலிலியோ இம்முறையை அறிந்திருந்தார். இவ்வகை அளவுக்கெல்லாம் பொதுப்பெயர் ஒன்று அவரிடம் இல்லை. அயர்லாந்துக் கணித அறிஞர் ஆமில்டன் 1840களில்தான் வெக்டர், ஸ்கேலர் என்னும் இரு சொற்களை இப்பொருளில் வழங்கினார். முன்னது இலத்தீனில் சுமந்து செல்வோன் என்னும் பொருளது. பின்னது ஏணி என்னும் பொருளுடைய சொல்லினின்று பிறந்தது. ஆகவே சொல் பிறப்பதற்கு 200 ஆண்டுகட்கு முன்னரே, உரையாடலும் உவமையும் கொண்டு பொருள் விளக்கம் பெற்றது. இதனை மனத்திற்கொண்டு தமிழ்ச் சொற்களை நோக்குவோம்.

இரு நாட்டுத் தமிழ்

வெக்டரைத் தமிழ்நாட்டார் திசையன் என்பர். இலங்கைத் தமிழர் காவி என்பர். காவுதல் சுமத்தலாதலின், காவி என்பது இலத்தீன் மூலத்தை நேரே தழுவியது. ஆயின் அதனைக் கேட்ட அளவில் துறவியர் ஆடையும், பழைய இலக்கியம் பயின்றார்க்குக் கருங்குவளையும் முந்துறத் தோன்றும். திசையன் என்பது பொருள் விளக்கமுடையதேனும் ஒரு மயக்கத்திற்கு இடந்தருவது. திசையுடையதெல்லாம் திசையன் அன்று. மின்னோட்டத்திற்கு அளவும் உண்டு. செல்லும் திசையும் உண்டு. எனினும் இரு கம்பிகளில் வரும் 3 அளவும் 4 அளவும் ஒரு சந்தியிற் கூடின், கம்பிகளின் கோணம் எதுவாயினும் 7 அளவே ஆகும், 5 ஆகாது. ஆதலின் மின்னோட்டம் ஸ்கேலரே. திசையோடு மேற்கூறிய கூட்டல் முறையும் பொருந்தினாலன்றி ஓர் அளவு திசையனாகாது. இவ்வுண்மையைத் திசையன் என்னும் சொல்லும் காட்டாது, காவி என்னும் சொல்லும் காட்டாது, உரையே காட்டும்.

கல்லொன்றை நொடிக்கு 19.6 மீட்டர் விரைவில் நேர்மேலே எறிவதாகக் கொள்வோம். காற்றின் தடையைக் கருதாது விடுவோம். அது 2 நொடியில் 19.6 மீட்டர் உயர்ந்து, மேலும் 2 நொடியில் கைக்கு மீளும். கடந்த தொலைவு 39.2 மீட்டர்; இடப்பெயர்ச்சி ஒன்றுமில்லை. தொலைவைக் காலத்தால் வகுப்பின் நொடிக்கு 9.8 மீட்டர், இடப்பெயர்ச்சியைக் காலத்தால் வகுப்பின் சுழி. முன்னதனைத் தமிழ்நாட்டுப் பாடநூல் வேகம் என்னும். இலங்கைப் பாடநூல் கதி என்னும். பின்னதனைத் தமிழ்நாட்டுப் பாடநூல் திசைவேகம் என்னும். இலங்கைப் பாடநூல் வேகம் என்னும். எனவே, ‘இக்கல்லின் சராசரி வேகம் சுழி’ என்னும் தொடர் யாழ்ப்பாணத்தில் உண்மை, மதுரையிற் பிழை.

நிறை என்னும் சொல்லின் நிலையும் இத்தகையதே. பொருளில் அடங்கிய பருமையைத் தமிழ்நாட்டார் நிறை என்றும், அதன்மேல் புவி செலுத்தும் ஈர்ப்பை எடை என்றும் வழங்குவர். இலங்கையார் முன்னதைத் திணிவு என்றும் பின்னதை நிறை என்றும் வழங்குவர். திங்களிற் பொருளின் நிறை குறையுமா என்னும் வினாவிற்கு இரு நாட்டு மாணவரும் இருவேறு விடை எழுதுவர்; இருவர் விடையும் சரியே. நிறுத்துப் பெறுவது நிறை என்னும் பழைய வழக்கை நோக்கின் இலங்கை வழக்கும், நிறைந்திருப்பது நிறை என்னும் பொருளை நோக்கின் தமிழ்நாட்டு வழக்கும் பொருந்துவனவாம். சொல்லாராய்ச்சி ஈண்டு வழக்கைத் தீர்க்க வல்லதன்று.

இவற்றினும் கூர்ந்து நோக்கத்தக்கது முடுக்கம். முடுகுதல் விரைதலாதலின், யாப்பிலும் விரைந்து செல்லும் அராக உறுப்பை முடுகியல் என்பர். இவ்வழக்கில் ஊறிய தமிழ் மாணவன், மேலெழும் கல் விரைவு குன்றுதலின் அதற்கு முடுக்கம் இல்லை என எண்ணுதல் இயல்பே. உச்சியில் அது கணப்பொழுது நிற்றலின், ஆண்டு முடுக்கமும் சுழி என்பான். உண்மையோ வேறு. உச்சியில் திசைவேகமே சுழி. முடுக்கம் ஏறும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும் நிலநோக்கி நொடிக்கு நொடி 9.8 மீட்டர் என மாறாது நிற்கும். அது சுழியாயின் கல் உச்சியிலேயே நின்றுவிடும், மீளாது. விரைவு மிகுதலை ஆர்முடுகல் என்றும் குறைதலை அமர்முடுகல் என்றும் இலங்கையார் பிரித்தமை நயமுடையதே. எனினும் ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் இருவேறு பெயரிடின், இரண்டிடத்தும் நிகழ்வது ஒன்றே என்னும் உண்மை மறைதற்கும் இடமுண்டு.

தடையும் விடையும்

பாடநூலுக்குப் பக்க அளவு உண்டு. தடைவிடை புகுத்தின் நூல் பெருகும் எனின், எல்லாவிடத்தும் புகுத்துதல் வேண்டா. கூர்த்த மாணவனும் வழுக்கும் இடங்கள் சிலவே. இணைந்த கற்கள், தொலைவிற்கேற்ற விரைவு, உச்சியில் நின்ற கல், திசையிருந்தும் திசையன் ஆகாத மின்னோட்டம் என்பன போல்வன அவை. அவ்விடங்களில் மட்டும் மாணவனின் பிழையை அவன் சொல்லாலேயே எழுதி, அதனைச் சிறிது தூரம் உடன்சென்று களைந்தால் போதும். பாடநூல்கள் பல வரையறை கூறி, வாய்பாடு தந்து, கணக்கிற்குச் செல்கின்றன. நூற்பா உண்டு, காண்டிகையும் இல்லை, விருத்தியும் இல்லை.

சொற்களை ஒருமைப்படுத்தினால் போதும் எனின், அதுவும் நன்றே. இரு நாட்டுச் சொற்களையும் அருகருகே வைத்து, ஒரு சொல் இருபொருள் தருமிடத்தை விளங்கச் சுட்டும் கலைச்சொல் அகராதி வேண்டற்பாலது. ஆயினும் திசையன், காவி என்னும் இரண்டனுள் எதனைத் தேர்ந்தாலும், 3உம் 4உம் 5 ஆவது ஏன் என்னும் வினா எஞ்சியே நிற்கும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கலிலியோவின் நூல் மூலமும் உரையுமாக அமைந்தமையும், பிறர் மதம் மேற்கொண்டு களைதலும், தம் பிழையை மறையாது மொழிதலும், எதிர்க்கட்சியாளரின் வினாவை மதித்தலும் அதன் சிறப்புக்குக் காரணமாதலும், உரை குன்றியவிடத்து நூலும் தளர்தலும் பெறப்பட்டன. இயக்கவியற் கலைச்சொற்களுள் எதுவும் தன்னளவில் பொருளை முற்றும் காக்க வல்லதன்று என்பதும் காட்டப்பட்டது.

அறிவியற் றமிழாக்கத்தில் தமிழ்த்துறைக்கு உரிய பங்கு சொற்களைத் திருத்தித் தருவதோடு முடிந்தது எனப் பலரும் கருதுகின்றனர். யாம் அவ்வாறு கருதவில்லை. வினாவும் விடையும் உதாரணமும் துணிவுமாக அரிய பொருளை விளக்கும் கலையைப் பல நூற்றாண்டுகளாகப் பயின்ற துறை இது. இயற்பியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரு மேசையில் அமர்ந்து, விழும் கல்லைப் பற்றிய ஒரு பாடத்திற்கேனும் தடைவிடையோடு கூடிய உரை வரைவாராயின், சொல்லால் தீராத வழக்குகள் பல அவ்வுரையால் தீரும். எம்மொடு பயிலும் முதுகலை மாணவருள் ஒருவரேனும் இப்பணியை மேற்கொள்ளுதல் எம் விழைவு.